பத்து வினாடிக்குப் பின்

கணுக்காலைப் பட்டியால் இறுக்கிவிட்டு
"கொஞ்சம் குத்தும்" என்றாள் மரீக்.
ஹாமில்டனில் தை மாதம்.
சன்னலுக்கு வெளியே உருக்காலைப் புகை
குளிரில் விறைத்து நின்றது.
முப்பது டொலர், வாகனத் தரிப்பிடம் இலவசம்,
என் ஓட்டம் இரண்டே முக்காலுக்குத்தான்.
வந்துவிட்டேன்.

பேருந்து ஓட்டுகிறவளின் வலது கால்.
பிரேக்கிலிருந்து ஒரு நாளில்
எத்தனை தடவை எழும்புகிறதோ,
எழுப்புகிற தசை எதுவென்று இன்றுதான் கண்டேன்:
முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, வெளிப்புறமாய்.
மயிரிழை ஊசி உள்ளே இறங்கியதும்
ஒலிபெருக்கி வாய் திறந்தது.

டக். டக். டக்.
காய்ந்த எண்ணெயில் கடுகு.
"உங்கள் நரம்பு பேசுகிறது" என்றாள்.
நாற்பத்தாறு வருடம் என்னோடு கிடந்து
ஒருநாளும் குரல் காட்டாதது.

திரையில் ஒரு கோடு.
பாதத்தை மெல்ல உயர்த்தி
அதன்மேல் நிற்கவேண்டும். நின்றேன்.
கடுகு வெடித்தது,
வினாடிக்குப் பதினைந்து என்று குறித்துக்கொண்டாள்.
பிறகு நரம்பில் மின்சாரத்தால் ஒரு சுண்டு.
பாதம் துள்ளியது,
துள்ளல் என்றுகூடச் சொல்ல முடியாது,
உறக்கத்தில் யாரோ உதடு அசைத்த மாதிரி.

"இப்போ முழுப் பலம்! இழு! இழு! விடாதே!"
இந்தச் சாதுப் பெண் இப்படிக் கத்துவாளென்று
யார் நினைத்தது?
பல்லைக் கடித்தேன், காதடைத்தது,
ஒலிபெருக்கிக்குள் ஆலங்கட்டி மழை.
பத்து வினாடி.
விட்டேன்.

அதே மின்சாரம். அதே சுண்டு.
இம்முறை பட்டி கிறீச்சிட்டது.
"இரண்டு மடங்கு" என்றாள்,
தானே சுண்டியதுபோல முகம் மலர்ந்து.

களைத்துக் கிடக்கவேண்டிய கால் அல்லவா அது?

மறுபடி அந்தக் கோடு.
நின்றேன், கோடு தாழவில்லை.
ஆனால் கடுகு குறைந்திருந்தது.
டக். எண்ணெய் ஆறுகிற சத்தம். டக்.
நரம்பு ஏன் சோம்பிவிட்டது என்றேன்.
சோம்பலில்லையாம்.
தசைக்குக் காது கூர்மையாகிவிட்டதாம்.
இழைகளுக்குள் சின்னச் சின்னத் தலைகள்
பற்றவேண்டிய கயிற்றுக்குக் கிட்ட வந்து நிற்கின்றனவாம்,
துளிக் கால்சியம் போதுமாம்,
அதனால்தான் நரம்பு
குரலைத் தாழ்த்திக்கொள்கிறதாம்.

"எவ்வளவு நேரத்துக்கு?"
"ஐந்து நிமிடம், பத்து. பிறகு பழையபடி."

*

நான் சுமந்து திரிவது வேறொரு பத்து வினாடி.
பதினொரு நாளாயிற்று.

கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று
கூட்டிப்போக வருவதாய்ச் சொன்ன தங்கை வரவில்லை.
மரத்த வாயோடு ஒன்றரை மணித்தியாலம்.
மறுநாள் மலை உச்சித் தரிப்பில்
(மலை என்று இந்த ஊர் சொல்வது
ஒரு பாறை விளிம்பைத்தான்)
வெறும் பேருந்தில் நின்று போனில் கத்தினேன்.
முப்பத்தெட்டு இருக்கைகள் கேட்டன.
மறுமுனையில் நிரோஜினி
"சரி அக்கா" என்றாள்.

ஒரு நாளைக்கு நூறு தடவை
அவள் வாயிலிருந்து உதிரும் அதே "சரி".
முன்பெல்லாம் எனக்குள் ஒரு மயிரும் அசையாது.
அன்று
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

*

இரண்டே முக்கால்.
முதல் சிக்னலில் பிரேக்கை விடுகிறேன்,
கால் தேவைக்கு மேல் எழும்பிவிட்டதோ என்னவோ,
பேருந்து விசுக்கென்று பாய்கிறது.
நின்றபடி வந்த பையன் கம்பியைப் பிடித்து
"சொறி" என்கிறான்,
தவறு தன்னுடையதுபோல.
இந்த நாட்டில் அது வழக்கம்.

உச்சியில் நாலு நிமிடத் தரிப்பு.
போனை எடுத்து
நியாயம், நேரம், பல், மரத்த வாய்
எல்லாவற்றையும் எழுதி
எல்லாவற்றையும் அழித்து
ஒரே ஒரு "ம்" அனுப்புகிறேன்.

மூன்று புள்ளிகள் தோன்றுகின்றன.
மறைகின்றன.
மறுமுனைத் தசை இன்னும் சூடாக இருக்குமா,
பதினொரு நாள் அதற்கு எத்தனை நிமிடம்,
மரீக்கிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.

புள்ளிகள் மறுபடி.

ஏறுகிறவர்கள் ஏறிவிட்டார்கள்.
கதவை மூடுகிறேன்.
கால் எழும்புகிறது.